பார்க்க வேண்டிய இடங்கள்

ஓய்வு பெற்ற ஆசிரியத் தம்பதியோ, பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்த குடும்பமோ, நம் தாமிரபரணிக் கரை ஊர்களிலிருந்து இலங்கைக்குச் சுற்றுலா போகத் தீர்மானித்தால், அவர்கள் கைக்கு வந்து சேரும் பயணத் திட்டம் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கிறது. ஐந்து இரவு, ஆறு பகல். கொழும்பில் இறங்கி அநுராதபுரம், சிகிரியா, பொலன்னறுவை, கண்டி, நுவரெலியா என்று ஒரு சுற்று சுற்றி மறுபடியும் கொழும்பு. கடைசி வரியில் தமிழ்நாட்டுச் சைவச் சாப்பாடு கிடைக்கும் என்ற உறுதிமொழி. யாழ்ப்பாணம் இல்லையே என்று கேட்டால், "அங்க போனா ரெண்டு நாள் கூடும் அண்ணாச்சி. அங்க பாக்கதுக்கு என்ன இருக்கு?" என்று பதில் வருகிறது. சொல்பவர் மீது குற்றமில்லை. நாம் எதைப் பார்க்க விரும்புவோம் என்பது நம்மைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

நம் பள்ளத்தாக்குக்கு இலங்கை வெளிநாடாக ஆகி அதிக காலம் ஆகிவிடவில்லை. தூத்துக்குடியில் கப்பலேறிப் போய்க் கொழும்பில் கடை வைத்தவர்கள், காயல்பட்டினத்து வணிகர்கள், மழை பொய்த்த ஆண்டுகளில் கங்காணியின் பின்னால் மலைத்தோட்டங்களுக்கு நடந்தவர்கள் என்று, போய்வந்தவர் இல்லாத தெருவைக் காண்பது ஒரு காலத்தில் இங்கே அரிதாக இருந்தது. அந்தக் கப்பல் வழி இலங்கையின் உள்நாட்டுப் போரோடு அடைபட்டது. 2011 ஜூனில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் பயணிகள் கப்பல் மறுபடியும் விடப்பட்டு, அந்த ஆண்டு முடிவதற்குள் நின்றும் போனது. பிழைக்கப் போனவர்களுக்கு நேர்வழி இருந்தது. பார்க்கப் போகிறவர்கள் தூத்துக்குடிக் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு விமான நிலையத்துக்குப் போகிறார்கள்.

பொலன்னறுவையில் நம்மவர்கள் கொஞ்சம் அதிக நேரம் நிற்கிறார்கள். இராஜராஜனின் படை 993இல் அநுராதபுரத்தை அழித்த பிறகு சோழர்கள் தலைநகராக்கிக்கொண்ட ஊர் அது. ஜனநாதமங்கலம் என்று பெயரும் சூட்டினார்கள். 1070இல் முதலாம் விஜயபாகு மீட்கும்வரை அவர்கள் கையில் இருந்தது. அங்கே சோழ அரசி ஒருத்தியின் பெயரால் எழுந்த வானவன்மாதேவி ஈச்சரம் இன்று தொல்லியல் கணக்கில் இரண்டாம் எண் சிவன் கோயில். பெயர் போய் எண் வந்ததில் நமக்கு வருத்தம். நம் ஆட்கள் கடல் தாண்டி வந்து கட்டியது என்பதில் பெருமிதம். ஆனால் அந்த 'நம்' என்ற சொல்லுக்குள் நாம் எப்படி வந்து சேர்ந்தோம் என்பதை ஒருவரும் கேட்பதில்லை. தாமிரபரணிக் கரை பாண்டிய நாடு. பொலன்னறுவையைப் பிடித்த அதே சோழர்கள்தான் நம்மையும் பிடித்தார்கள். பாண்டிய நாட்டுக்கு இராஜராஜப் பாண்டிநாடு என்று பேர் மாற்றி, சோழபாண்டியர் என்ற பட்டத்தில் தங்கள் வீட்டுப் பிள்ளைகளையே ஆள அனுப்பினார்கள். அம்பாசமுத்திரத்தை அடுத்த மன்னார்கோயிலில், சேர அரசன் ஒருவன் தான் கட்டிய பெருமாள் கோயிலுக்கு இராஜேந்திர சோழ விண்ணகரம் என்று பெயர் வைத்தான். அடங்கிப்போனவன் அடக்கியவன் பெயரைக் கல்லில் வெட்டி வைப்பது எப்படி இருக்கும் என்று அறிய நாம் கடல் தாண்ட வேண்டியதில்லை. இருந்தும் பொலன்னறுவையில் நாம் வென்றவர்களின் வரிசையில்தான் நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். ஆயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டால் யாருடைய வாள் யார் கழுத்தில் விழுந்தது என்பது மங்கிவிடுகிறது. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சேர்ந்துகொள்ளலாம்.

பழைய நகரங்கள் நமக்குப் பிடித்திருப்பதற்கு இந்த வசதியும் ஒரு காரணமோ என்று தோன்றுகிறது. இடிந்த மண்டபம் நம்மிடம் எதையும் கேட்பதில்லை. காசியப்பனின் சிகிரியாவில் படியேறி மூச்சு வாங்கினால் போதும். ஆனால் அந்த நகரங்களே முழுக்கப் பழையவையாக இல்லை. 1985 மே மாதத்தில் அநுராதபுரத்தின் பேருந்து நிலையத்திலும் போதிமரத்தடியிலும் நூற்றுக்கும் மேற்பட்ட சிங்களப் பொதுமக்களைத் தமிழ்ப் போராளிகள் சுட்டுக் கொன்றார்கள். 1998 ஜனவரியில் கண்டி தலதா மாளிகையின் வாசலில் குண்டு நிரப்பிய லாரி வெடித்தது. வடக்கே யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்ததை நாம் தொலைக்காட்சியில் பார்த்தோம், தெருவில் இறங்கினோம், பிறகு தேர்தலில் கேட்டோம், பிறகு மறந்தோம். அநுராதபுரத்திலிருந்து வவுனியாவுக்கு ஒன்றிரண்டு மணி நேர வழிதான். வண்டியோ அங்கிருந்து தெற்கே திரும்பிவிடுகிறது. நாம் அழுத ஊர்களும் நம் பெயரால் அழவைக்கப்பட்ட ஊர்களும் அந்தத் தீவில் அக்கம்பக்கத்தில் இருக்கின்றன. இரண்டையும் ஒரே பயணத்தில் மனத்தில் வைத்துக்கொள்ள ஐந்து இரவு போதாது என்று வைத்துக்கொண்டாலும், அரைமணி நேரம் ஒதுக்கிய திட்டம்கூட எங்கும் இல்லை.

நுவரெலியாவில் தேயிலைத் தோட்டம் 'இயற்கைக் காட்சி' என்ற தலைப்பில் வருகிறது. தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டி ஒரு கோப்பைத் தேநீர் தருகிறார்கள். அந்தச் சரிவுகளைக் காடு வெட்டித் திருத்தியவர்களில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து போனவர்களும் உண்டு. இலங்கை விடுதலை பெற்ற 1948இலேயே வந்த குடியுரிமைச் சட்டம் அந்த மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சமுள்ள 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று, பாகப்பிரிவினையில் பித்தளைப் பாத்திரங்களைப் பங்கு வைப்பதுபோல மனிதர்களைப் பங்கு வைத்தார்கள். அப்படித் திரும்பிவந்தவர்கள் இங்கே 'சிலோன்காரர்கள்' ஆனார்கள். அங்கே இந்தியர், இங்கே சிலோன்காரர். அவர்கள் பிறந்த லயன் வீடுகளைக் கடந்துதான் நம் சுற்றுலா வண்டி போகிறது. கண்ணாடிக்கு வெளியே கொழுந்து பறிக்கும் பெண்கள் படத்துக்கு நன்றாக அமைகிறார்கள்.

இதற்கும் கடல் தாண்ட வேண்டியதில்லை என்பதுதான் சங்கடம். சிங்கம்பட்டி ஜமீனிடம் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்ற மலையில் எழுந்த மாஞ்சோலைத் தோட்டம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. அந்தத் தோட்டத் தொழிலாளர்களின் கோரிக்கைகளை முன்வைத்து 1999 ஜூலை 23 அன்று கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போன பேரணியில் போலீஸ் தடியடி நடத்தியது. ஆற்றில் இறங்கியவர்களில் 17 பேர் செத்துப்போனார்கள். பெண்களும் குழந்தையும் அதில் அடக்கம். ஆண்டுக்கொரு முறை கட்சிகள் வந்து ஆற்றில் பூத்தூவிப் போகின்றன. 1843இல் திறக்கப்பட்ட சுலோசன முதலியார் பாலத்தின் பெருமையை வெளியூர் விருந்தினருக்குச் சொல்லும் நாம், பாலத்துக்கு அருகே அந்தக் கரையில் நடந்ததைச் சொல்வதில்லை. மாஞ்சோலையில் தேயிலை வேலை இப்போது நின்று, தொழிலாளர்கள் மலையை விட்டு இறங்கும் நிலை வந்துவிட்டது. பல காலம் நாம் அந்த மலையைப் 'போய்ப் பார்க்க அனுமதி கிடைக்குமா' என்ற ஒரே கேள்வியோடுதான் அறிந்திருந்தோம்.

பழைய தாழிப் புதைகாடான ஆதிச்சநல்லூரில் நிலைமை இன்னும் தெளிவு. 1876இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டியெடுத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899 முதல் அலெக்சாண்டர் ரே தோண்டியவை சென்னைக்குப் போயின. 2023 ஆகஸ்டில் தாழிகள் கிடந்த குழிகளுக்கு மேலேயே கண்ணாடித் தளம் போட்டு, கிடந்த இடத்திலேயே அவற்றைக் காணும்படி செய்தார்கள். நல்ல ஏற்பாடு, பார்க்கவும் வேண்டும். மூவாயிரம் ஆண்டுக்கு முன் புதைந்தவர்களுக்குக் கண்ணாடி வேலி கிடைத்திருக்கிறது. அவர்களுக்குத் தண்ணீர் தந்த ஆற்றுக்கு மேலே பாபநாசத்தில் பரிகாரத் துணிகளும், ஊர்ப்பக்கம் சாக்கடையும் கிடைக்கின்றன. 2024 நவம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகள் இருவர் நேரில் வந்து பார்க்கும் அளவுக்கு. இறந்தவர்களை மதிப்பதில் நாம் குறை வைப்பதில்லை. இருப்பவர்களும் ஓடிக்கொண்டிருப்பதும்தான் நம்மிடம் கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

இதனால் யாரும் அநுராதபுரத்துக்குப் போக வேண்டாம் என்று ஆகாது. பிழைப்புக்கு அலைந்தவர்களின் பேரப்பிள்ளைகள் காசு சேர்த்து, பார்ப்பதற்காக மட்டுமே ஒரு நாட்டுக்குப் போக முடிகிறது என்பது சின்ன விஷயம் இல்லை. அதை ஏளனம் செய்ய யாருக்கும் உரிமையில்லை. விருந்துக்குப் போகிற வீட்டில் அண்மையில் ஒரு சாவு விழுந்திருந்தால் அதை விசாரித்துக்கொண்டு போவது நம் ஊர் வழக்கம். தெரியாமல் போய்ச் சிரித்துப் பேசிவிட்டு வந்தால் அதைப் பெரிய அவமானமாக எண்ணுகிறவர்கள் நாம். ஒரு நாட்டுக்குப் போகும்போது மட்டும் அந்த வழக்கம் கைவிட்டுப் போவானேன்? திட்டத்தில் இரண்டு நாள் கூட்ட முடியாமல் போகலாம். விடுமுறையும் பணமும் அளவானவை. அந்த ஊர்களின் ஆயிரம் ஆண்டுகளோடு கடைசி ஐம்பது ஆண்டுகளையும் படித்துவிட்டுப் போவதற்கு விசா வேண்டாம், தனிக் கட்டணமும் இல்லை. அப்படிப் படித்தவருக்கு அந்த ஆறு பகலும் முன்போல் இலேசாக இராது. அவ்வளவு சுமையைத் தாங்க முடியாதவர்கள் அல்ல நாம்; நம் ஆற்றங்கரையையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டி வந்துவிடுமே என்பதுதான் நம் தயக்கம்.