3.5ஐ விட்டு இறங்காத எண்

வேலையில் கணக்கு ஒன்று சொல்லும், மீட்டர் வேறொன்று காட்டும். அப்போது நான் கணக்கை ஒரு திருத்த எண்ணால் பெருக்கி ரிப்போர்ட்டை அனுப்பிவிடுவேன். அளந்ததுதானே உண்மை? இரும்பு அயனி ஒன்றின் கதையைப் படித்த பிறகு இந்தச் சமாதானம் உறுத்துகிறது.

சூரியனின் கொரோனாவில், கபெல்லா நட்சத்திரத்தில், பல மில்லியன் டிகிரி சூட்டில் இரும்பு தன் 26 எலக்ட்ரான்களில் 16ஐ இழந்து பத்தோடு நிற்கும். வெளியே திரியும் எலக்ட்ரான் வந்து மோதினால் உள்ளே ஒன்று மேலே ஏறும். இறங்கும்போது எக்ஸ் கதிர் விடும். அதில் 15 ஆங்ஸ்ட்ராம் அருகே இரண்டு கோடுகள்: 3சி, 3டி. எந்தக் கோடு எத்தனை மடங்கு பிரகாசம் என்று குவாண்டம் கணக்குப் போடலாம். போட்டார்கள். வானத்திலிருந்து வந்த விகிதம் குறைவாகவே இருந்தது.

முதல் பழி நட்சத்திரத்துக்கு: பிளாஸ்மா வெளிச்சத்தை வழியிலேயே சிதறடிக்குது என்றார்கள். ஆய்வகத்து அயனிப் பொறியிலும் குறைவாக வந்ததும் பழி மோதல் கணக்குக்கு. 2012இல் வெளியான சோதனையில் கலிபோர்னியாவின் எக்ஸ் கதிர் லேசரால், எலக்ட்ரான் மோதலை நம்பாமல், ஒளியாலேயே அயனிகளைக் கிளப்பினார்கள். கிடைத்தது 2.61. கணக்கோ சுமார் 3.5. மோதலையும் இனி குறை சொல்ல முடியாது. அயனியின் அமைப்பையே நாம் தப்பாகப் புரிந்துகொண்டோமா?

கணக்குப் போட்டவர்களை நினைத்துப் பார்க்கிறேன். இன்னும் ஆயிரக்கணக்கான எலக்ட்ரான் அமைப்புகளைச் சேர்த்தார்கள். எண் இறங்க மறுத்தது. ஒரு காரணியைப் பெருக்கியிருந்தால் எல்லாருக்கும் நிம்மதி.

ஹாம்பர்க்கில் இன்னும் துல்லியமாக அளந்து 2022இல் வெளியிட்டபோது வந்தது 3.51. பலமான கோட்டின் இரு ஓரங்களும் முந்தைய அளவீடுகளில் பின்னணி இரைச்சலுக்குள் மூழ்கிக் கிடந்திருக்கின்றன.

'கோட்பாடு ஜெயிச்சிருச்சு' என்று கைதட்ட எனக்கு மனசு வரல. 2015இல் பார்த்திருந்தால், சரியான பிடிவாதத்தையும் வெறும் வீம்பையும் நான் எப்படிப் பிரித்திருப்பேன்? எனக்குத் தெரிந்த ஒரே அடையாளம், அவர்கள் அந்த இடைவெளியை மூடாமல் எல்லாருக்கும் தெரியும்படி வைத்திருந்தது. மூடியிருந்தால் அந்த ஓரங்களைத் தேடி யார் போயிருப்பார்?

போன மாதம் அனுப்பிய ரிப்போர்ட்டைத் திறந்தேன். நாலாம் பக்கத்தில் 1.12 என்று ஓர் எண். எங்கிருந்து வந்தது என்று நான் எழுதி வைக்கவில்லை.