காணாமல் நிறுத்தும் பரிசில்

கல்விக்கென ஒரு சமுதாயம் தன் பிள்ளைக்கு அளிக்கும் பணம் கொடையா, கூலியா, உரிமையா? இது வீண் தர்க்கம் அன்று. கொடை எனின், கொடுத்தவன் விரும்பிய வேளையில் நிறுத்திவிடலாம். கூலி எனின், வேலை குறைந்த அளவுக்குக் கூலியையும் குறைக்கலாம். உரிமை எனின், பறிக்குமுன் காரணம் காட்ட வேண்டும். பறிகொடுப்பவனின் சொல்லையும் கேட்க வேண்டும். இம்மூன்றில் எதனை நாம் ஏற்கின்றோம் என்பதைப் பொறுத்தே பல்கலைக்கழகத்திற் பயிலும் ஏழை மாணவன் ஒருவனின் அடுத்த வேளை உணவு அமைகின்றது.

நம் நாட்டில் இவ்வுதவிக்குப் புலமைப்பரிசில் என்று பெயர். பரிசில் பழந்தமிழ்ச் சொல். நாடி வந்த புலவனுக்குப் புரவலன் அளிப்பது அது. பெருஞ்சித்திரனார் என்னும் புலவர் அதியமானிடம் சென்றபோது, அம்மன்னன் அவரை நேரிற் காணாமலே பரிசிலைக் கொடுத்தனுப்பினான் என்றும், புலவர் அதனை ஏற்க மறுத்தார் என்றும் புறநானூறு கூறும். அவர் வறியவர்தாம், ஆயினும் தம்மைக் கண்டு, தம் தகுதியை அறிந்து அளிக்கப்படாத பொருளை அவர் வேண்டவில்லை. காணாமற் கொடுப்பதே இழிவு என்று கருதிய மரபின் வழிவந்த நாம், காணாமல் நிறுத்துவதை என்னென்று சொல்வோம்?

1943இல் கன்னங்கரா தலைமையிலான விசேட குழு அறிக்கை தந்தது; 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கிராமத்துப் பிள்ளைகளுக்கென மத்திய கல்லூரிகள் எழுந்தன. மட்டக்களப்பில் வந்தாறுமூலை மத்திய கல்லூரி அவ்வாறு எழுந்ததே. அக்கல்லூரியின் வளவிலேயே 1981 ஆகஸ்ட் 1இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. படுவான்கரை உழவனின் மகளுக்கும் எழுவான்கரை மீனவனின் மகனுக்கும் பல்கலைக்கழகம் கண்ணுக்கெட்டிய தூரத்தில் வந்து நின்றது.

ஆனால், கட்டணம் இல்லை என்பது வேறு, செலவு இல்லை என்பது வேறு. விரிவுரை இலவசம், சோறு இலவசம் அன்று. இவ்விடைவெளியை நிரப்புதற்கே 1981ஆம் ஆண்டின் 66ஆம் இலக்கச் சட்டத்தால் மகாபொல உயர்கல்விப் புலமைப்பரிசில் நம்பிக்கை நிதியம் அமைக்கப்பட்டது. 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டம் இவ்வுதவியை மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தியது. உயர்த்திய பின்னரும் அது நாளொன்றுக்கு 250 ரூபாவே. மூன்று வேளை உணவும் பேருந்துக் கட்டணமும் பிரதியெடுக்கும் செலவும் இதற்குள் அடங்க வேண்டும்.

இவ்வுதவி தொடர்வதற்கு நிபந்தனைகள் உண்டு. விரிவுரைகளுக்கு நூற்றுக்கு 80 வரவு வேண்டும். பரீட்சையில் தவறி ஓராண்டைத் திரும்பப் படிப்பவனுக்கு அக்காலத்துக்கு உதவி இல்லை. நிபந்தனையே கூடாது என்று வாதிடுவோர் நம்மிடையே உளர். நாம் அவர்களோடு உடன்படவில்லை. இப்பணம் எங்கிருந்து வருகின்றது? அபிவிருத்தி லொத்தர் சபையின் வருமானத்தில் ஒரு பங்கு இந்நிதியத்துக்குச் செல்கின்றது. சந்தை முனையில் நின்று லொத்தர்ச் சீட்டு வாங்குவோர் யார்? செல்வர் அல்லர். நாட்கூலி பெற்று, வீடு திரும்பும் வழியில் ஒரு நம்பிக்கையை விலைக்கு வாங்கும் தொழிலாளரே. பருப்புக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரி செலுத்துவோரும் அவர்களே. அவர்களின் வியர்வையில் விளைந்த பணத்தைப் பெற்றுக்கொண்டு, படிக்காமற் காலங்கழிக்கும் உரிமை எவருக்கும் இல்லை. மாணவனுக்குக் கடமை உண்டு. அக்கடமை புரவலனுக்கு உரியதன்று, மக்களுக்கு உரியது.

நிபந்தனை வேண்டுமா என்பதில் நமக்கு ஐயமில்லை. அந்நிபந்தனை எதனை அளக்கின்றது என்பதே நம் வினா.

ஒரே வகுப்பில் இரு மாணவரை எண்ணிப் பார்ப்போம். இருவரும் ஒரே பாடத்திற் தவறுகின்றனர். ஒருவனின் தந்தை வசதியுள்ளவர். அவன் அப்பாடத்தை மறுபடி எழுதுவான்; அவ்வளவே. மற்றவன் உதவிப்பணத்தில் வாழ்பவன். அவனும் அப்பாடத்தை மறுபடி எழுத வேண்டும். அதனோடு பசியையும் தாங்க வேண்டும். குற்றம் ஒன்று; தண்டனை இரண்டு. இரண்டாவது தண்டனை அறியாமைக்கு விதிக்கப்பட்டதன்று, வறுமைக்கு விதிக்கப்பட்டது. எல்லார்க்கும் ஒரே விதி என்று பெருமை பேசும் சட்டம், உண்மையில் ஏழையை மட்டுமே தொடுகின்றது.

நாம் கற்பித்த மாணவன் ஒருவனின் செய்தியை இங்கே கூறுதல் பொருந்தும். வாவியில் வலைவீசிப் பிழைக்கும் குடும்பத்தவன். கிராமத்திலிருந்து பல்கலைக்கழகம் புகுந்த முதற் சிலருள் ஒருவன். வெளியூரில், பல்கலைக்கழகத்தின் இரண்டாம் ஆண்டில் இருந்தபோது தந்தை படுக்கையில் வீழ்ந்தார். மாரிக்காலம்; இறால் படும் பருவம்; அப்பருவத்தைத் தவறவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. பையன் ஊர் திரும்பி ஒன்றரை மாதம் தோணியில் இறங்கினான். மீண்டு சென்றபோது அவன் வரவு 80இற்குக் கீழே இறங்கியிருந்தது. தான் நோயுற்றிருந்தால் மருத்துவச் சான்றிதழ் காட்டியிருப்பான். நோயுற்றவர் தந்தை, ஆகவே அவன் கையிற் காட்டுதற்குத் தாள் எதுவும் இல்லை. உதவி நின்றது. இரவில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தான். இரவு விழித்தவன் காலை விரிவுரைக்கு வரவில்லை. வரவு மேலும் குறைந்தது, பரீட்சையிற் தவறினான், படிப்பை விட்டான். பின்னர் ஒருநாள் நம்மிடம் அவன் சொன்னது இது: "நான் பெயிலானது சரிதான் சேர். ஏனெண்டு ஒருத்தரும் கேக்கல்ல."

அவன் சலுகை கேட்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. ஒரு கேள்வியை மட்டுமே எதிர்பார்த்தான். தவறியவனுக்குக் கைகொடுக்க ஏற்பட்ட பணம், தவறியதனாலேயே நிறுத்தப்பட்டது. நிறுத்தப்பட்டதனாலேயே அவன் மீண்டும் தவறினான். இச்சுழலுக்கு முன்னேற்ற நிபந்தனை என்று பெயரிடுவது சொல்லுக்குச் செய்யும் அநீதி.

இது ஒருவனின் துயர் மட்டுமா? மட்டக்களப்பு மண்ணின் அண்மை வரலாற்றை நோக்குவோம். 1978 நவம்பரிற் சூறாவளி; 1990இல் வன்செயல்; 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை; 2007இற் படுவான்கரை மக்களின் இடப்பெயர்வு; 2011 ஜனவரியிற் பெருவெள்ளம். இங்கு வளர்ந்த ஒரு தலைமுறை, தடையின்றிப் படித்த ஆண்டுகளை விரல்விட்டு எண்ணலாம். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை, படுவான்கரைப் பிள்ளைகள் பலர் துறையிற் காத்திருந்து வாவியைக் கடந்தே மேற்படிப்பை நாடினர். அதே அளவுகோலைத் தலைநகரிற் பிறந்தவனுக்கும் இவனுக்கும் வைத்து, யார் எத்தனை அடி முன்னேறினர் என்று கேட்பது எவ்வகை நீதி? கடந்து வந்த நீரின் ஆழத்தையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டாமா?

கல்விக்காகவே கடனாளியாகும் இளைஞர் நிறைந்த ஐக்கிய அமெரிக்காவிலும் இத்தகைய நிபந்தனை உண்டு. அரசின் உதவி பெறும் மாணவன் குறித்த தரத்தைக் காக்க வேண்டும். படிப்புக்கு விதித்த காலத்தின் ஒன்றரை மடங்குக்குள் அதனை முடிக்க வேண்டும். கண்டிப்பான விதிதான். எனினும், தவறியவனை ஒரு தவணைக்கு எச்சரித்து உதவியைத் தொடர அவ்விதி இடம் தருகின்றது. உறவினர் மரணம், நோய், விபத்து போன்ற காரணங்களைக் காட்டி மேன்முறையீடு செய்யவும் இடம் தருகின்றது. ஏன் தவறினாய், இப்பொழுது என்ன மாறியிருக்கிறது என்று அங்கே கேட்கப்படுகின்றது. முதலாளித்துவத்தின் தலைமை நாடு கேட்கும் இவ்வினாவை, இலவசக் கல்வியைப் பெருமையாகக் கொண்ட நாடு ஒவ்வொரு மாணவனிடமும் தவறாது கேட்க வேண்டாமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நிபந்தனை இரு தரப்பினரையும் கட்ட வேண்டும். உதவிப்பணம் மாதக்கணக்கிற் தாமதமாகிய காலங்கள் பல. மாணவர் வீதியில் இறங்கிக் கேட்ட காலங்களும் பல. மாணவன் விரிவுரைக்கு வராவிடின் பணம் நிற்கின்றது. பணம் வராவிடின் எது நிற்கின்றது? எவருடைய சம்பளமும் நிற்பதில்லை. ஒருவனை மட்டும் கட்டும் ஒப்பந்தம் ஒப்பந்தம் அன்று; அது பழைய புரவலனின் கட்டளையே.

நாம் வேண்டுவன அரியவை அல்ல. நிறுத்துமுன் எச்சரிக்கை, எச்சரித்த பின் ஒரு தவணை அவகாசம், குடும்பத்தின் நோயையும் இழப்பையும் காரணமாக ஏற்கும் விசாரணை, குறித்த நாளிற் பணம். இவ்வளவும் செய்தபின்னரும் ஒருவன் படிக்க மறுப்பானாயின், அப்பணம் இன்னொரு ஏழைப் பிள்ளைக்குச் செல்லட்டும். அதனை நாமே முன்னின்று சொல்வோம்.

இறுதியாக, நம்மையும் நாம் நோக்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு காலையும் ஆசிரியராகிய நாம் வகுப்பில் இடாப்பை விரிக்கின்றோம். பெயரை அழைக்கின்றோம். விடை வராத பெயருக்கு நேரே ஒரு குறியை இட்டு அடுத்த பெயருக்குச் செல்கின்றோம். அறுவடைக் காலத்தில் அக்குறிகள் பெருகுவதை நாம் அறிவோம். ஏன் என்று எத்தனை முறை கேட்டோம்? பல்கலைக்கழக அலுவலகத்தின் மேசையைக் குறைகூறுமுன் நம் மேசையைத் திருத்துவோம். அந்த மாணவன் எதிர்பார்த்த கேள்வியை முதலிற் கேட்க வேண்டியவர் அவனுடைய ஆசிரியரே.