கத்தரிக்கோலும் கருத்தும்

மாலைக் காட்சி முடிகிறது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலே, தேநீர்க் கடை முன்பு கூட்டம். துறைமுகத்திலே சுமை தூக்கி வந்தவர், ஆலையிலே இரவு முறைக்குப் போகவேண்டியவர், வலை பின்னிக் காய்த்த கையினர், பட்டம் பெற்றும் வேலை பெறாத இளைஞர் - அத்தனை பேரும் நீதிபதிகள்! "முதல் பாதி பரவாயில்லை", "சண்டை ஜோர்", "நம்ம ஏரியாவை இப்படியா காட்டுவது?" - தீர்ப்புகள் தேநீர் ஆவியோடு எழுகின்றன, குவளை காலியாகுமுன் கலைந்தும் விடுகின்றன.

"பாமரனுக்குக் கலையைப் பற்றி என்ன தெரியும்?" என்று பரிகசிப்போர் உண்டு. சமைக்கத் தெரியாதவனுக்கும் உப்புக் கரிப்பது தெரியும் அன்றோ? காசு கொடுத்தவன், காலத்தையும் கொடுத்தவன், கருத்துச் சொல்லக் கூடாதா? சொல்லலாம், சொல்லவேண்டும். ஆனால் தோழர்களே, குழம்பு கரிக்கிறது என்று சொல்ல உரிமை உண்டு என்பதாலேயே, சட்டியைக் கவிழ்க்கவும் உரிமை உண்டா?

இது ஏட்டிலே பிறந்த கேள்வியன்று. நம் வகுப்பறையிலே, காசிமேட்டிலிருந்து விசைப்படகில் கடலுக்குப் போகும் ஒருவரின் மகன் எழுப்பிய கேள்வி.

2018 அக்டோபர் 17 அன்று வெளிவந்தது, வெற்றிமாறன் இயக்கிய 'வட சென்னை'. மீனவ மக்கள் கொதித்தனர். படகிலே எடுக்கப்பட்ட அந்தரங்கக் காட்சி ஒன்று தங்களை இழிவுபடுத்துகிறது என்றனர். இயக்குநர் வருத்தம் தெரிவித்தார், அக்காட்சி நீக்கப்பட்டது. அப்பா சொல்லக் கேட்டிருந்த அம்மாணவன், "வெட்டினது சரிதானே, சார்?" என்றான். 'ஆம்' என்று சொல்ல வாயெடுத்தோம். சொல் வரவில்லை.

ஏன் வரவில்லை? வேறொரு அக்டோபர் 17 நினைவுக்கு வந்தது. 1952-ஆம் ஆண்டு, அதே நாளிலே வெளிவந்தது 'பராசக்தி'. கலைஞரின் உரையாடல் கோயிலின் பெயரால் நடக்கும் கொடுமையைக் குறுக்கு விசாரணை செய்தது. "எங்கள் மனம் புண்படுகிறது! தடை செய்!" என்று எழுந்தது கூக்குரல். தடை விழவில்லை, படம் நின்றது. அதை நாம் வெற்றி என்று கொண்டாடுகிறோம். அன்று அவர்கள் நீட்டிய கத்தரிக்கோலைக் கண்டித்த நாம், இன்று நம்மவர் கையிலே அதே கத்தரிக்கோல் இருக்கக் கண்டு கைதட்டுவதா? அயலானுக்கு ஒரு படி, நம்மவனுக்கு ஒரு படி என்று அளந்தால், அதற்குப் பெயர் பகுத்தறிவா?

இரண்டும் ஒன்றே என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடவும் கூடாது. புண்பட்டது என்பது ஒரு செய்தி, காரணம் ஆகாது. புண்ணுக்குப் பின்னே இருக்கும் வாதம் என்ன என்று பார்க்கவேண்டும். 1952-இல் எதிர்த்தவர் வாதம், "இந்தக் கேள்வியைக் கேட்காதே" என்பது. மீனவரின் வாதம், "எங்களை இப்படிக் காட்டாதே; நாங்கள் இப்படி அல்லர்" என்பது. முன்னது வாயை அடைக்கும் கட்டளை. பின்னது சோதித்து அறியத்தக்க சாட்சியம். படகு தெய்வம், ஆகவே தீண்டாதே என்று எவரேனும் சொன்னால், அந்த வாதம் நமக்கு வேண்டியதில்லை. படகு உழைப்பிடம், விடியுமுன் மீனும் வியர்வையும் சுமந்து கரை சேருவது. உழைப்பவன் தன் மாண்பைப் பற்றிப் பேசும்போது, செவி கொடுப்பது கடமை.

ஆயினும், சாட்சி சொல்ல வந்தவர் எதிர்த்தரப்பின் ஏட்டைக் கிழிப்பதில்லை. கிழிக்கலாம் என்று இன்று நாம் ஒப்பினால், நாளை வலியவன் வந்து அதே வழக்கத்தைக் காட்டுவான். எளியவன் கையிலே கத்தரிக்கோல் நெடுநாள் தங்குவதில்லை, தோழர்களே! அவனுக்கு நிலையான கருவி அவன் சொல்தான்.

ஆகவே மாணவனிடம் சொன்னோம்: "அப்பா கோபித்தது சரி. வெட்டச் சொன்னதை நாம் ஏற்கவில்லை. தவறு என்று நினைத்ததை ஊரறியச் சொல்லட்டும். எடுத்தவர் பதில் சொல்லட்டும். பார்ப்பவர் முடிவு செய்யட்டும்." அவன் முகம் மலரவில்லை. நம்மவரிடம் உண்மை பேசுவது, மாற்றாரிடம் பேசுவதினும் கடினம் என்பதை அன்று கற்றோம்.

தேநீர்க் கடை நீதிபதிகட்கு நம் வேண்டுகோள்: பிடித்தது, பிடிக்கவில்லை என்பதோடு நில்லாதீர், ஏன் என்று சொல்லுங்கள். பிடிக்காத நடிகனை அளக்கும் கோலாலேயே பிடித்த நடிகனையும் அளங்கள். கற்சிலைக்குப் பாலூற்றுவது மடமை என்று மேடையிலே முழங்கிவிட்டு, நடிகனின் கட்டவுட்டுக்குப் பாலூற்றினால், மடமை இடம் மாறியதே தவிர ஒழிந்ததா?

திரையிலே வந்ததைப் பற்றி மட்டுமல்ல, வராததைப் பற்றியும் கேளுங்கள். 'சார்பட்டா பரம்பரை' 2021-இல் வந்தபோது, நம் தெருக்களின் குத்துச்சண்டை மரபு திரையேறியது கண்டு மகிழ்ந்தோம். மகிழ்ச்சி நியாயமே. ஆனால் 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்திலே எண்ணெய் படர்ந்து, படகும் வலையும் கறுத்தனவே. அதே மாதம் நள்ளிரவில் அம்மோனியா கசிந்து, மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினரே - அந்தக் கதை எங்கே? கத்தியும் இரத்தமும்தான் வடசென்னையா?

கேளுங்கள், உரக்கக் கேளுங்கள். வெட்டு என்னாதீர், இன்னொன்று எடு என்று சொல்லுங்கள். எடுப்பாரில்லையெனில், நாமே எழுதுவோம்!