“இன்னைக்கா?”

காலையில் எழுந்ததும், கால் தரையில் படும் முன்பே வாயில் தெர்மாமீட்டர். கருமுட்டை வெளியேறிய பிறகு புரோஜெஸ்டிரான் உடல் வெப்பத்தை 0.2 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றும். அதாவது, நாள் கடந்த பிறகே நோட்டுக்குத் தெரியும். முன்கூட்டிச் சொல்வது மருந்துக்கடையில் வாங்கும் சிறுநீர்ப் பட்டை. சோதனைக் கோடு பக்கத்துக் கோட்டளவு அழுத்தமாக விழுந்தால், ஏறக்குறைய 24 முதல் 36 மணி நேரத்தில் முட்டை வெளியேறும். அதன் ஆயுள் ஒரு நாள்தான். விந்தணு ஐந்து நாள் வரை தாங்கும். (பள்ளியில் இந்தப் பாடத்தை ‘வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்’ என்று தாண்டினார்கள்.)

என் உடலை நானே படிக்கிறேன் என்ற பெருமிதம் நான்கு மாதம் இருந்தது. பிறகு கணவர் காலையில் கேட்கும் முதல் கேள்வியே “இன்னைக்கா?” என்றாயிற்று. மாமியாருக்கும் தேதி தெரியும். அன்றைக்கு மட்டும் என்னைத் தண்ணீர்க்குடம் தூக்க விடமாட்டார்.

ஏழாம் மாதம் கோடு அழுத்தமாக விழுந்தது. எனக்கு அன்று விருப்பமில்லை. “இல்லை” என்று சொல்லிவிட்டு, பட்டையைத் தாளில் சுற்றிக் குப்பையில் போட்டேன்.

பொய்தான். குழந்தை வேண்டும் என்று இருவரும் சேர்ந்துதான் முடிவெடுத்தோம். ஆனால் கோட்டைக் காட்டிய பிறகு “இன்று வேண்டாம்” என்று சொல்ல அந்த வீட்டில் இடமிருந்ததா? குழந்தைக்குச் சொன்ன சம்மதம் ஒவ்வொரு இரவுக்கும் சேர்த்துச் சொன்னதாகுமா? ஆகாது என்றுதான் நினைக்கிறேன். மறுக்க முடிந்திருந்தால் மறைத்திருக்க மாட்டேன்.

மூன்றாம் நாள் அவரிடம் சொன்னேன். கோபப்பட்டார். அவருக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த விந்துப் பரிசோதனைச் சீட்டு ஐந்து மாதமாக பீரோவில் கிடந்தது. அதை எடுத்து அவர் முன் வைத்தேன்.