புரியாமை புலமையாகுமா?

ஊர்காவற்றுறையாருக்கு நெடுந்தீவின் கல்வேலிகள் புதியனவல்ல. சாந்தின்றி, முருகைக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுப்பியவை அவை. ஒரு கல் சரிந்தால், அடுக்கியவனைத் தேடி எவரும் அலைய வேண்டியதில்லை. வேலி எவ்வாறு நிற்கிறது என்பது காண்போர் கண்ணுக்கே தெரியும்.

கணினிக்குச் செய்நிரல் எழுதுவோரிடையே நெடுங்காலமாக ஒரு விவாதம் நிலவுகிறது. நிரல்மொழியின் மூலைமுடுக்குகளில் கிடக்கும் தந்திரங்களை, மக்கள் அன்றாடம் நம்பியிருக்கும் நிரல்களிற் கையாளலாமா?

உதாரணமொன்றை நோக்குவோம். இரண்டு குவளைகளில் உள்ளவற்றை இடம் மாற்ற மூன்றாவது குவளை வேண்டும். எண்களுக்கும் அவ்வாறே. ஆயின் ‘எக்ஸ்-ஓர்’ என்னும் செய்கையை மும்முறை பயன்படுத்தினால், மூன்றாம் இடமின்றியே இரண்டு எண்களை மாற்றிவிடலாம். வியக்கத்தக்க வித்தைதான்! ஆனால் இரு பெயர்களும் நினைவகத்தின் ஒரே இடத்தைச் சுட்டிவிட்டால், அங்கிருந்த பெறுமானம் பூச்சியமாகிவிடும். அது மருந்துக் களஞ்சியக் கணக்காயின், இருக்கும் மருந்து இல்லையென்றாகும். பிழையைத் தேடும் சுமை, பெரும்பாலும் வித்தை காட்டியவர்மீதன்று, பின்வந்த இளைஞர்மீதே விழுகிறது.

நம் இலக்கியமும் இவ்வித்தையை அறியும். தகர வருக்கத்தாலேயே அமைந்த கந்தரந்தாதிச் செய்யுளுக்குப் பொருள் காணாது வில்லிபுத்தூரர் தோற்றார் என்பது கர்ணபரம்பரைக் கதை. வாதில் வெல்வதற்கு அது தக்க கருவி. தண்ணீருக்கு வழி கேட்பவனிடம் அவ்வாறு பேசுவது அறமாகுமா?

தந்திரத்துக்கும் நியாயம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. 1983 இல் டொம் டஃப் கண்டறிந்த விசித்திர நிரலமைப்பு, மந்தமாக ஓடிய அசைபட நிரலொன்றை விரைவாக்கும் மெய்யான தேவையிற் பிறந்தது. அதைக் கண்டறிந்தவரே பெருமையும் அருவருப்பும் ஒருங்கே கொண்டதாக எழுதினார். தேவை உண்மையாயின் தந்திரத்தைக் கையாளலாம். ஆனால் அதன் பயனை அளந்து, ஓரிடத்தில் அடக்கி, தெளிவான பெயரிட்டு, உரையும் எழுதி வைத்தல் வேண்டும்.

நிரல் கூட்டுழைப்பின் விளைவு. எழுதியவருக்கு மட்டுமே விளங்கும் நிரல், பொது அறிவைத் தனியுடைமையாக்குகிறது. அவர் விலகும் நாளில் மற்றவர்களைக் கையற்றவர்களாக்குகிறது.

ஆசிரிய நண்பர்களே, பாடசாலைக் கணினி அறையில் முதல் நிரலை எழுதிக் காட்டும் மாணவனிடம், “எத்தனை வரிகளில் முடித்தாய்?” என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். “நீ இல்லாதபோது இதனை யார் திருத்துவார்?” என்றும் கேளுங்கள்.