சொல்லுக்குக் கட்டுப்பட்ட நீதிபதி

பூந்தமல்லியில் அவதரித்து, காஞ்சி வரதராஜப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசும் கைங்கரியத்திலேயே ஆயுளைக் கழித்த திருக்கச்சி நம்பியைப் பற்றிக் குருபரம்பரை கூறும் செய்திகளுள், இராமானுஜர் தம் ஐயங்கள் இன்னவென்று வெளியிடாமலே விடை மட்டும் கேட்டு வரச் சொன்னதும், நம்பி கேள்வியை அறியாமலே சென்று பெருமாள் அருளிய ஆறு வார்த்தைகளைக் கூட்டாமல் குறைக்காமல் கொண்டுவந்து சேர்த்ததும் ஆகிய நிகழ்ச்சியே என் சிந்தனையை அதிகம் ஈர்ப்பது. தம் புத்தியை இடையே நுழைக்காமல் தூதராக மட்டும் நிற்பது பெரிய தவம். தெய்வ வாக்குக்குப் பொருந்தும் இத்தவம், மனிதர் கூடி விவாதித்து இயற்றிய சாசனத்துக்கும் பொருந்துமா என்ற வினா, பதஞ்சலி சாஸ்திரியின் தீர்ப்புகளைப் புரட்டும்போதெல்லாம் எழுகிறது.

பச்சையப்பன் கல்லூரி ஸம்ஸ்கிருத பண்டிதர் கிருஷ்ண சாஸ்திரியின் குமாரரான அவர், 1951 நவம்பர் முதல் 1954 ஜனவரி வரை பாரதத்தின் இரண்டாவது பிரதம நீதிபதியாக வீற்றிருந்தார். அவரைப் பழமைவாதி என்றால் ஆட்சியாளருக்கு இணங்கியவர் என்று அர்த்தமல்ல. எழுதப்பட்டதைத் தாண்டிச் செல்ல மனம் ஒப்பாதவர் என்பதே பொருள். சொல் நேரே உரைப்பது குறிப்பால் பெறப்படுவதைவிட வலியது என்ற மீமாம்ஸை நெறி, பண்டிதர் வீட்டுப் பிள்ளைக்குப் புதிதாக இருந்திராது.

1950 மே மாதத்தில் ஒரே வாரத்தில் நிகழ்ந்ததைப் பாருங்கள். 1947 டிசம்பர் முதல் காவலில் இருந்த கம்யூனிஸ்டுத் தலைவர் ஏ. கே. கோபாலன், விசாரணையின்றி அடைத்து வைக்கும் சட்டம் இயற்கை நியாயத்துக்கு முரணானது என்று வாதித்தபோது, அரசியல் சாசனத்தில் கண்ட 'சட்டம்' என்ற சொல்லுக்குள் இயற்கை நியாயத்தைப் புகுத்த முடியாது என்று 19ஆம் தேதி பெரும்பான்மை நீதிபதிகள் கைவிரித்தனர். சாஸ்திரியும் அவர்களுள் ஒருவர். பஸல் அலி மட்டும் கோபாலன் பக்கம் முழுமையாக நின்றார். 26ஆம் தேதியோ, 'கிராஸ் ரோட்ஸ்' என்ற பம்பாய் வாரப் பத்திரிகை சென்னை ராஜ்யத்துக்குள் வரக்கூடாதென்று விதித்த தடையை, சாசனம் அரசின் பாதுகாப்பைச் சொல்கிறதேயன்றிப் பொது ஒழுங்கைச் சொல்லவில்லை என்று காட்டி ரத்து செய்த தீர்ப்பை எழுதியவர் அதே சாஸ்திரி. மாறுபட்டு அரசு பக்கம் நின்றவர் அதே பஸல் அலி. எழுத்தைப் பற்றி நடந்தவருக்குச் சிறைக்கதவும் அதனால் அடைபட்டது, பத்திரிகைக்கதவும் அதனால் திறந்தது. மறு வருஷமே முதல் திருத்தத்தின் வழியாகப் 'பொது ஒழுங்கு' சாசனத்தில் ஏறிற்று. திருத்தும் அதிகாரம் பார்லிமெண்டுக்கு உண்டென்று சங்கரி பிரசாத் வழக்கில் எழுதியவரும் சாஸ்திரியே. சொல் பிடிக்காவிட்டால் சொல்லை மாற்றுங்கள், என்னை மாறச் சொல்லாதீர்கள் என்பது அவர் நிலை. அதில் ஒரு நேர்மை இருப்பதை எதிரியும் மறுக்கமாட்டான்.

ஓய்வு பெறுவதற்கு மூன்று வாரம் முன்னர், 1953 டிசம்பரில், பேலா பானர்ஜி வழக்கு வந்தது. கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகளைக் குடியேற்ற எடுக்கும் நிலத்துக்கு, எந்த வருஷம் எடுத்தாலும் 1946 கடைசி நாள் விலைக்கு மேல் கொடுப்பதில்லை என்றது மேற்கு வங்கச் சட்டம். நஷ்டஈடு என்றால் பறிபோனதற்குச் சரியான ஈடு என்றே பொருள் என்று கூறி, சாஸ்திரி அந்த விதியைச் செல்லாதென்றார். 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மகாசபை சமதர்மப் பாணியிலான சமுதாயமே லக்ஷ்யம் என்று தீர்மானித்தது. ஏப்ரலில் வந்த நான்காம் திருத்தம், ஈடு போதுமா போதாதா என்று கோர்ட்டு கேட்பதைத் தடுத்தது.

ஆவடிப் பந்தலில் கைதட்டியவர்களுள் அக்கம்பக்கத்துக் குடியானவர்களும் இருந்திருக்கலாம். ஜமீன்தாரை எண்ணிக் கைதட்டியிருப்பார்கள். பிற்பாடு இந்தச் சுற்றுவட்டார வயல்களெல்லாம் தொழிற்சாலைகளாகவும் மனைகளாகவும் மாறிய காலத்தில், நில எடுப்பு நோட்டீஸும் பட்டாவும் கிரையப் பத்திரமும் அடங்கிய மஞ்சள் பையோடு, சென்ட் விலை இவ்வளவுதானா என்று வக்கீல் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தவனுக்கு, சாஸ்திரியின் பழமைவாதமே கைகொடுக்கக் கூடியதாயிற்று. வீட்டு வசதிக்காக எடுக்கும் நிலத்துக்கு ஆறுதல் தொகையை நூற்றுக்கு 15இலிருந்து 5ஆகக் குறைத்த 1961ஆம் வருஷத்துச் சென்னைச் சட்டத்தை, வஜ்ரவேலு முதலியார் வழக்கில் 1964இல் தள்ளிய சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி சுப்பா ராவ், நஷ்டஈடு என்றால் சரியான ஈடு என்ற பேலா பானர்ஜி பொருளை மறுபடியும் எடுத்துரைத்தார்.

இருந்தும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. 'நஷ்டஈடு' என்ற சொல்லுக்குள் நியாயத்தைக் காண முடிந்தவருக்கு, 'சட்டம்' என்ற சொல்லுக்குள் அதைக் காண ஏன் முடியவில்லை? இரண்டும் சாசனத்தின் சொற்களே. இரண்டிலும் நியாயம் என்ற எழுத்து இல்லை. நிலத்துக்கு விலை பேசுகையில் திறந்துகொண்ட சொல், மனிதனின் தேகத்தைப் பற்றிப் பேசுகையில் மூடிக்கொண்டது. ஆகவே அவர் நம்பியைப் போலக் கேள்வியறியாத் தூதர் அல்லர். எங்கே கூட்டலாம், எங்கே கூடாது என்பதை அவரே தெரிந்தெடுத்தார், தெரிந்தெடுத்ததாக நினைக்காமலே. நீதிபதியின் சொந்த அபிப்பிராயம் மிக எளிதாக ஒளிந்துகொள்ளும் இடம், தனக்கு அபிப்பிராயமே இல்லை என்ற நம்பிக்கைதான் போலும்.

காலம் இரண்டையும் தலைகீழாக்கியது. 1978இல் வந்த 44ஆம் திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளிலிருந்தே நீக்கிவிட்டது. அதே வருஷம் ஜனவரியில் மேனகா காந்தி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, தேக சுதந்திரத்தைப் பறிக்கும் நடைமுறை நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டது. கோபாலன் காலமாகி அப்போது பத்து மாதம் ஆகியிருந்தது.