ஆகுமானதன் எல்லை

லட்சத்தீவுகளில், கவரத்திக்கு வடமேற்கே பிட்டி என்றொரு மணற்றிட்டு உண்டு. அங்கே மரமில்லை, மனிதர் வாழ்வதுமில்லை. ஆலா என்னும் கடற்பறவைகள் வெறும் மணலில் முட்டையிடுகின்றன. கரிய ஆலா ஒரு பருவத்தில் பெரும்பாலும் ஒரே முட்டைதான் இடும். மீன்பிடிக்கச் செல்வோர் அவற்றை எடுத்துவருவது பழைய வழக்கம். 2020-ஆம் ஆண்டில் அத்திட்டும் சூழ்கடலும் பறவைக் காப்பகமாக அறிவிக்கப்பட்டன.

"முட்டை ஹலால், உரிமையாளர் எவருமில்லை, எடுத்தால் என்ன குற்றம்?" எனச் சிலர் வினவலாம். கடலை நம்பி வாழும் நம் தீவுச் சகோதரர்களின் தேவையை நாம் இகழ்வதற்கில்லை. எனினும், ஆகுமானது என்பது பயன்கொள்ளும் அனுமதி. வேரறுக்கும் அனுமதி ஆகாது. சாரல் காலத்தில் தென்காசியிலிருந்து சென்று குற்றால அருவியில் நீராட நம் அனைவருக்கும் உரிமையுண்டு. அதன் ஊற்றுக்கண்ணைத் தூர்க்க எவருக்கு உரிமையுண்டு?

குஞ்சுகளை இழந்து சிறகடித்துத் தவித்த தாய்ப்பறவையைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் திருப்பிக் கொடுத்துவிடப் பணித்தார்கள் என்பதை அபூதாவூதின் ஹதீஸ் தொகுப்பில் காண்கிறோம். நாவற்ற உயிரின் முறையீடும் அங்கே செவியேற்கப்பட்டது.

ஆளில்லாத் திட்டில் காவலர் எந்நேரமும் நிற்க இயலாது. பிறர் காணாத இடத்தில் நீட்டிய கையை மடக்க வல்லது தக்வா ஒன்றே.